நாற்பத்தெட்டை நாற்பதாக்கினேன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், பெங்களூரில் கட்டட வேலை, நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணை என்று சுற்றிவிட்டு மரக்காணம் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தேன். பெண் பார்க்கப் போனபோது பத்தாவது என்று சொல்லிவைத்தேன்.

என் மனைவி ப்ளஸ் டூ முடித்தவள். அவளும் உப்பளத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. அரசாங்கத் தேர்வு எழுதி, செருப்புப் போட்டுக்கொண்டு போகிற ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் என்பாள். மாதா கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் நடந்த இலவச வகுப்பில் சேர்ந்தாள்.

கணக்கில் நேரம் போதவில்லை. பெருக்கி முடிப்பதற்குள் தாளைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்றாள்.

"முழுசா எதுக்குப் பெருக்கற? கிட்டத்தட்ட எவ்ளோன்னு பாரு. நாலு விடையில எது பக்கத்துல இருக்குதோ அதை டிக் பண்ணிட்டுப் போயிக்கினே இரு."

"கிட்டத்தட்டன்னா எப்படிங்க?"

"கடைசி நம்பரைக் கழிச்சிடு. நாப்பத்தெட்டுன்னா நாப்பது. அம்பத்திரெண்டுன்னா அம்பது. அவ்ளோதான்."

உப்பளத்தில் அப்படித்தான். வாரிக் குவித்த ஈர உப்பைப் பார்த்து இத்தனை மூட்டை தேறும் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு முன் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். தண்ணீர் வடிந்தால் குவியல் இறங்கிவிடும். கூட்டிச் சொன்னவன் மேஸ்திரியிடம் திட்டு வாங்குவான். அவளும் அதே உப்பை வாரியவள் என்பதால் நான் சொன்னது அவளுக்கு நியாயமாகவே பட்டது. வீட்டில் போட்டுப் பார்த்த கணக்குகளில் விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருந்தன. எல்லாம் சரியாக வந்தது. "பத்தாவது படிச்ச மூளை" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். அவளைக் கூட்டிப்போக நான் வண்டியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே சார் அவள் தாளைக் கையில் வைத்திருந்தார்.

"ஏம்மா, நாப்பத்தெட்டு இன்ட்டு அம்பத்திரெண்டு. ரெண்டாயிரத்து நாப்பத்தாறுன்னு போட்டிருக்க. எப்படி?"

"நாப்பது, அம்பதுன்னு வச்சிக்கினேன் சார். ரெண்டாயிரம் வந்துது. அதுக்கு அதான் பக்கம்."

"நாப்பத்தெட்டு அம்பதுக்குத்தானம்மா பக்கம்? அம்பது அம்பது ரெண்டாயிரத்து ஐந்நூறு. ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தாறு கண்ணெதிர்ல இருக்குதே! தாள் முழுக்க இப்படியே எறக்கி எறக்கிப் போட்டிருக்க."

கிளியனூரிலிருந்து வரும் ஒரு பெண், "உப்பளத்து ஆளு சார். நம்பர்லகூட தண்ணி வடியும்" என்றாள். கூடமே சிரித்தது.

"யாரு சொல்லிக் குடுத்தது இதை?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல சார். நானாத்தான் போட்டேன்."

நான் உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது அவள் கோபப்படவில்லை. பின்னால் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "அஞ்சும் அதுக்கு மேலயும் இருந்தா ஏத்தணும். அதுக்குக் கீழன்னா எறக்கணும். ஒண்ணை ஏத்தி ஒண்ணை எறக்குனா கிட்ட வந்துடுமாம். ஆறாவதுலயே நடத்துனாங்க, நான்தான் மறந்துட்டேன்."

ஆறாவதில் எனக்கும் நடத்தியிருப்பார்கள்.

அந்த வாரம் அவள் தனியாகவே கணக்குப் போட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள்.

தேர்வன்று காலை திண்டிவனத்துக்கு அழைத்துப் போனேன். மையத்துக்கு முந்தின திருப்பத்தில், "இங்கியே எறக்கி வுட்டுடுங்க" என்றாள். வாசலில் அவள் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் கேலியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளா, என்னோடு வந்து இறங்க அவளுக்கே கூச்சமா என்று கேட்கவில்லை. புண் ஆறாத காலில் புதுச் செருப்போடு மெதுவாக நடந்து போனாள். அவள் உள்ளே போகும்வரை வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.