காலிக் கட்டம்

மரகதம் கேட் பாஸைக் கழுத்தில் மாட்டும்போது எப்போதும் போட்டோ உள்பக்கம் இருக்கும்படிதான் மாட்டுவாள். வாசல் செக்யூரிட்டி சில்வெஸ்டர் அதைத் திருப்பிக் காட்டச் சொன்னதே இல்லை. இருவருக்கும் வீடு ஆஸ்டின் டவுன்தான். "போக்கா, உன் மூஞ்சியே பாஸு" என்பான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு கட்டடம் இருந்த காலத்தில் அவளைத் தரை துடைக்க நேரடியாக வேலைக்கு எடுத்தார்கள். பிற்பாடு துடைக்க வந்தவர்கள் எல்லாரும் கான்ட்ராக்ட். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களின் பாஸ் முடியும். மரகதத்தின் பாஸில் முடியும் தேதி கிடையாது. தெருவில் அவளுக்கு 'பர்மனெண்ட்' என்று பெயர். சொல்பவர்கள் வாயைக் கோணிக்கொண்டுதான் சொன்னார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. கணவர் நாராயணசாமிக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தது. கம்பெனி மெடிக்கல் கார்டில்தான் அவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்தக் கார்டு இல்லை.

இரண்டாயிரத்து நாலில் கரூரிலிருந்து வித்யாலட்சுமி என்ற பெண் அட்மினில் சேர்ந்தாள். வந்ததும் எல்லாருடைய பாஸையும் எக்செல்லில் ஏற்றினாள். தேதி தாண்டிவிட்டால் அந்தக் கட்டம் தானாகச் சிவப்பாகிவிடும். மேனேஜர் ரவிக்குமார் அதை நாலு பேரிடம் காட்டிப் புகழ்ந்தார். லிஸ்ட்டைக் கலரில் அச்செடுத்து வாசலுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை சில்வெஸ்டர் மரகதத்தை நிறுத்தினான்.

"அக்கா, உன் பேருக்கு நேரா செவப்பா இருக்குது. செவப்புன்னா உடக்கூடாதாம்."

"எனக்குத் தேதியே இல்லியேடா."

"அதான் எனக்கும் புரியல. உட்டேன்னா என் வேலை போவும்."

கான்ட்ராக்ட் பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். "பர்மனெண்ட்டு வெளிய நிக்குது பாருடி" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டார்கள்.

கடைசியில் வித்யாலட்சுமியே இறங்கி வந்து கூட்டிப்போனாள். திரையைக் காட்டினாள். அந்த வரிசையில் மரகதத்தின் கட்டம் மட்டும் காலியாக, முழுச் சிவப்பாக இருந்தது.

"கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் அதை ரொம்பப் பழைய தேதின்னு எடுத்துக்குதுக்கா. அதான் முடிஞ்சிபோச்சுன்னு காட்டுது."

"அதை மாத்த முடியாதாம்மா?"

"மாத்தலாம். இப்ப சார் லிஸ்ட் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. ஏதாவது ஒரு தேதி போட்டா சிவப்பு போயிடும். அடுத்த வருஷம் இதே நாளைப் போட்டுடட்டுமா?"

மாடி துடைக்காமல் கிடந்தது. மரகதம் "போடும்மா" என்றாள். கட்டம் வெளுத்ததும் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தத் தேதியோடு புது பாஸ் வந்தது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வருஷம் போனது. வித்யாலட்சுமி கல்யாணமாகி வேலையை விட்டுப் போயிருந்தாள். மரகதத்தின் கட்டம் மறுபடி சிவந்தது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொன்னது.

ரவிக்குமார் கூப்பிட்டனுப்பினார். "உங்க டேர்ம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரை அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல முடியற தேதி எங்க இருக்கு?"

"இல்லீங்க சார். அதனாலதான் சார் பர்மனெண்ட்."

"தேதி இல்லாத பேப்பரை வெச்சிக்கிட்டு நான் ஏனு மாட்லி, என்ன பண்ண முடியும்? போன வருஷம் நீங்களே ஒத்துக்கிட்டு, கையெழுத்தும் போட்டு புது பாஸ் வாங்கியிருக்கீங்க."

"அது செவப்பு போறதுக்குப் போட்டது சார். அந்தப் பொண்ணுதான் போட்டுச்சு."

"எந்தப் பொண்ணு? இப்ப இங்க இருக்குதா?"

அந்த ஒற்றைக் கட்டடத்தில் அவரே காபி டம்ளரைக் கழுவி வைத்த நாட்களில் பக்கத்தில் நின்று துடைத்தவள் மரகதம். அவள் பர்மனெண்ட் என்பது கம்ப்யூட்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கான்ட்ராக்டரின் ஆள் உட்கார்ந்திருப்பதாகவும், விருப்பம் இருந்தால் அவரிடம் பேர் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

அவள் பேர் கொடுத்தாள்.

இப்போதும் மரகதம் அதே மாடியைத்தான் துடைக்கிறாள், கான்ட்ராக்டில். மெடிக்கல் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த நாராயணசாமி ஒரு முறைதான் போகிறார்.