ஒரு பாவின் முப்பத்தொரு நாள்

குப்புசாமியின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளையார்பாளையத்துக்குத் தெரிந்துவிடும். மட்கார்டு கடகடவென்று ஆடும். அதற்கு மேல் அவர் குரல் கேட்கும். நெசவாளர் சங்கத்தில் பட்டு சுமக்கிற வேலை அவருக்கு. கிடங்கிலிருந்து பட்டுச் சிட்டங்களைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவார். சாயம் ஏறியதைச் சங்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவார். பிறகு சேலையின் நீளவாட்டு இழைகளைப் பாவாக ஓட்டுகிற வீட்டுக்கு, அங்கிருந்து தறிக்கு. பதினாறு வருஷமாக இதே சுற்று. சுற்று ஏன் அப்படி இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை வரவில்லை என்று சென்னைக் கடைக்காரர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். சங்கச் செயலாளர் பரசுராமன் கொதித்துப்போய், சோம்பலை விட்டுத் தறியில் உட்காரும்படி நெசவாளர்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதினார். அதை வீடு வீடாகக் கொண்டுபோனதும் குப்புசாமிதான்.

நெசவாளர் முருகேசன் நோட்டீஸைப் படித்தார். குப்புசாமியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். தறியில் தீர்ந்துபோன பாவின் நுனி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா பாருபா. பன்னெண்டு நாளா சும்மா குந்திக்கினு இருக்கிறேன். புதுப் பாவு வந்தாத்தானே நெய்ய முடியும்? நானா சோம்பேறி?"

குப்புசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. முருகேசனின் புதுப் பாவுக்கான பட்டைத் தானே கிடங்கிலிருந்து எடுத்த ஞாபகம் இருந்தது. எடுத்தும் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அப்படியானால் அது இவ்வளவு நாளாக எங்கேதான் கிடக்கிறது?

மறுநாள் கிடங்குக்கு வந்த ஒரு அரக்கு நிறச் சேலைப் பாவுக்கான சிட்டக் கட்டில் ஒரு சீட்டைக் கட்டினார். போகிற இடமெல்லாம் அதில் இரண்டு தேதி எழுதினார். கட்டு வந்து சேர்ந்தது என்றைக்கு, அதன்மேல் ஒருத்தர் கை வைத்தது என்றைக்கு. சாயக்காரர் தணிகாசலம் சிரித்தார். "இன்னா குப்புசாமி, பட்டுக்கு ஜாதகம் கணிக்கிறியா?" குப்புசாமி விடவில்லை. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாவு தறி ஏறிய அன்றைக்கு, பழைய காலண்டர் தாள்கள் ஆறை மைதாப் பசையால் ஒட்டி வீட்டுத் தரையில் விரித்தார். கை பட்ட நாளுக்குக் கரித்துண்டால் கோடு. சும்மா கிடந்த நாளுக்குத் தணிகாசலத்திடம் வாங்கிவந்த சிவப்புச் சாயம். வரைந்து முடித்து எழுந்து நின்றவர் அப்படியே நின்றார். தாள் முழுக்கச் சிவப்பு!

"காந்தா! இங்க ஓடியா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "முப்பத்தொரு நாள்! அதுல வேலை நடந்தது நாலே நாள்! சாயம் போட ஒண்ணு, பாவு ஓட ரெண்டு, தறியில பழைய பாவு நுனியோட பிணைக்க ஒண்ணு. மிச்சம் இருபத்தேழு நாளும் தூங்கிக்கினு இருந்திருக்குது!"

பட்டை வெளியே விடச் செயலாளர் கையெழுத்துக்காகக் கிடங்கில் ஐந்து நாள். திங்கட்கிழமை மட்டும்தான் கையெழுத்து. சாயப்பட்டறையில் எட்டு நாள், ஒரே நிறத்தில் ஒரு சாயக் கொப்பரைக்குப் பட்டு சேரட்டும் என்று. பாவு ஓடுகிற ஜெயம்மாள் வீட்டில் நாலு. பிணைக்கிற ஆளுக்காக மூன்று. சாயம் ஏறிய பிறகு, நிறம் சரி என்று பார்த்துப் போடுகிற முத்திரைக்காகச் சங்க அலமாரியில் ஏழு நாள். அந்த ஏழில் விரலை வைத்ததும் குப்புசாமி விழுந்து விழுந்து சிரித்தார். சாயப்பட்டறைக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் ஜெயம்மாள் வீடு. பட்டை ஒன்றரை மைல் சங்கத்துக்குக் கொண்டுபோய், மறுபடி ஒன்றரை மைல் திருப்பிக் கொண்டுவந்து அதே தெருவில் சேர்த்துக்கொண்டிருந்தது யார்? அவரேதான்!

காந்தா சிரிக்கவில்லை. "அந்த நடையை நிறுத்திட்டா உங்களுக்கு இன்னாங்க வேலை இருக்குது?"

குப்புசாமி தாளைச் சுருட்டத் தொடங்கினார். "தெரியலை" என்றார். "ஆனா இதைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருக்க என்னால முடியாது."

மறுநாள் பரசுராமனின் மேஜையில் தாளை விரித்தார். மேஜை போதாமல் அது தரையில் வழிந்தது. செயலாளர் முதலில் கோபப்பட்டார். பிறகு குனிந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்த அஞ்சு நாள் என் கையெழுத்துக்கா?"

"ஆமாம் சார்."

"இந்தச் சிவப்பைக் குறைக்க என்ன வழியோ, அதை முதல்ல பத்து தறிக்குச் செஞ்சு பாரு" என்றார் பரசுராமன்.

கையெழுத்து தினமும் போட்டார்கள். கிழமைக்கு ஒரு நிறம் என்று வைத்தார்கள். திங்கள் அரக்கு, செவ்வாய் மயில்கழுத்து, புதன் மஞ்சள். அந்தந்த நிறத்துப் பட்டு முந்தின சாயங்காலமே பட்டறைக்குப் போய்விடும். முத்திரை போடுகிறவர் பட்டறைக்கே வந்து, கொடியில் காயும்போதே பார்த்துவிடுவார். பட்டு அங்கிருந்து நேராக ஜெயம்மாள் வீட்டுக்கு. பிணைக்கிற ஆளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

முதல் திங்களே அரக்கு வெளுத்துப்போனது. தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். குப்புசாமியோ துள்ளினார். "அண்ணே, முன்னேன்னா ஒரு வாரம் அலமாரியில கிடந்தப்புறம் தெரியும். இப்போ ஈரம் காயறதுக்குள்ள தெரிஞ்சிடுச்சு! திருப்பி முக்குங்க!" மத்தியானத்துக்குள் நிறம் நின்றது.

புது முறை தொடங்கிய பதினோராம் நாள் முருகேசன் வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. குப்புசாமி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார். புது அரக்குப் பாவின் குறுக்கே ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா பாய்ந்துகொண்டிருந்தது. முருகேசன் கையை நிறுத்தாமலே, "வாய்யா! தீபாவளிக்குள்ள இன்னொரு பாவு குடுப்பியா?" என்று கத்தினார்.

"ரெண்டு கேளு!" என்று குப்புசாமியும் கத்தினார்.

தை மாதத்துக்குள் சங்கத்துத் தறிகள் அத்தனையும் இந்த முறைக்கு வந்துவிட்டன. கிடங்கிலிருந்து தறி ஏற முப்பத்தொரு நாள் எடுத்தது ஒன்பது நாளாக இறங்கியது. அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாகப் பரசுராமன் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். குப்புசாமியின் நடை பாதியாகக் குறைந்ததென்னவோ நிஜம். வேலை போகவில்லை. எந்தக் கிழமைக்கு எந்த நிறம், எந்தத் தறிக்கு எந்தப் பாவு என்று முறை வைக்கிற பொறுப்பை அவருக்கே கொடுத்தார்கள். நாலு வருஷம் கழித்து ஆரணியில் ஒரு சங்கம் அவரைக் கூப்பிட்டனுப்பியது. போனவர், அங்கேயும் ஒரு சிட்டக் கட்டின் பின்னாலேயே தெருத் தெருவாக அலைந்தார். தொண்டை கட்டித் திரும்பிய மனிதர், சைகையாலேயே காந்தாவுக்குக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.