கல்லிலிருந்து எடுத்த பெயர்

என் அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைக் குழாய் இருக்கிறது. அதற்குள் பாய்போலச் சுருட்டிய ஒரு பழுப்புத் தாள். விரித்தால் நான்கு மூலைகளிலும் கனமாக எதையாவது வைக்க வேண்டும். இல்லையென்றால் தானாகச் சுருண்டுகொள்ளும். தூத்துக்குடியில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் பழைய கல்லறை ஒன்றின் மேல் இந்தத் தாளை விரித்து, அடுப்புக் கரியால் தேய்த்து, கல்லில் செதுக்கியிருந்ததை எடுத்திருக்கிறார்கள். ஒரு கப்பலின் பாதி தெரிகிறது. அதன் கீழே ஒரு பெயர். முன்பாதி தெளிவாக இருக்கிறது. பின்பாதி கல்லிலேயே தேய்ந்துபோனது. தாளை அனுப்பியவர் என் அத்தானின் தம்பி. கேட்டு வாங்கியவர் என் அக்காவின் கணவரான அத்தான். எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில், மகளின் உயிருக்காகக் கேட்டார்.

அதற்கு முன்பு அந்த ஒல்லாந்துக்காரன் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு மட்டுமே. கம்பெனிக் கப்பலில் முத்துக்குளிக்கும் கடற்கரைக்கு வந்து, ஊர்ப் பெண்ணைக் கட்டி, அங்கேயே மண்ணானவன். அவனே தங்கள் வம்சத்தின் முதல் ஆள் என்பார்கள் அத்தான் வீட்டார். அத்தாட்சியாகக் காட்ட அவர்களிடம் இருந்தது பூனைக்கண் ஒன்றுதான். அத்தானுக்கு அது உண்டு, மகளுக்கும் உண்டு. அந்தக் கண்ணும் நிறமும் வெளியே போய்விடக் கூடாதென்று தலைமுறை தலைமுறையாக அத்தை மகள், மாமன் மகள் என்று தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள். அத்தான்தான் முதலில் மறுத்தார். வேதியியல் படித்தவர். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அத்தை மகளை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எந்த உறவும் இல்லாத எங்கள் வீட்டில் பெண்ணெடுத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எடிசன் நகரில் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, "எங்களுக்கு ஒல்லாந்து ரத்தம்லா மாப்ள" என்று என்னிடம் தொடங்குவார். "ஒல்லாந்து ரத்தத்துக்கு எதுக்குக் கருவாடு? பிரெட்டும் பட்டரும் தாரேன், தின்னுங்க" என்பாள் அக்கா. இந்த வாரம் அந்த ஒல்லாந்துக்காரர் கேப்டனா, சமையல்காரரா என்று மகள் ஆங்கிலத்தில் கேட்பாள். கதை வாராவாரம் மாறும்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஹைஸ்கூலில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மருந்துக்கு ஒருமுறை அடங்கிய நோய் திரும்பி வந்தது. இனி வேறொருவரின் எலும்பு மஜ்ஜைதான் வழி என்றார்கள். அவளுடைய அண்ணனின் மஜ்ஜை பொருந்தவில்லை. அன்று மருத்துவர் அத்தானிடமும் அக்காவிடமும், நீங்கள் இருவரும் ரத்த உறவா என்று கேட்டார். "நோ டாக்டர், நாட் அட் ஆல்" என்றார் அத்தான். மகள் பிறந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அன்றும் இதே நிமிர்வோடு பதில் சொன்னார், அந்த மருத்துவர் பாராட்டுவதுபோலத் தலையசைத்தார். இவர் தலையசைக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு பாதி தகப்பனிடமிருந்தும் ஒரு பாதி தாயிடமிருந்தும் வருகிறது. உறவுக்குள் மணக்கும் குடும்பம் என்றால் இரண்டு பாதியும் சேர்ந்த ஒருவர் சொந்தத்தில் கிடைக்கலாம், உங்கள் விஷயத்தில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றார். மஜ்ஜை தர முன்வரும் அந்நியர்களின் பெயர்களை அப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் நம்மவர்கள் அநேகமாக இல்லை, எல்லாரும் வெள்ளைக்காரர்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அத்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் அக்கா. "எங்க வீட்ல எல்லாரும் பண்ணுனத நான் ஒருத்தன் பண்ணல மாப்ள" என்றார். அத்தை மகளைக் கட்டியிருந்தால் இந்தப் பெண்ணே பிறந்திருக்க மாட்டாள். பக்கத்தில் இருந்த நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

அன்று முதல் அவருக்கு அந்த ஒல்லாந்துக்காரன் வேடிக்கையாக இல்லை. வெள்ளைக்காரர்களிடம்தான் தேட முடியும் என்றால், நம்மிடமும் வெள்ளைக்காரன் ரத்தம் இருக்கிறதே என்று யோசித்தார். தம்பிக்கு டிரங்க் கால் போட்டார். தாள் வந்தது. அந்தப் பாதிப் பெயரை எடுத்துக்கொண்டு டெலிபோன் டைரக்டரியில் இறங்கினார். நியூ ஜெர்சி ஒரு காலத்தில் ஒல்லாந்தர் குடியேறிய மண். அந்தப் பெயர்போலத் தொடங்கும் பெயர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. தலைமுறைக்குத் தலைமுறை ரத்தம் பாதியாகக் குறைவதை எழுதிக் காட்டினேன். "கணக்கு எனக்கும் தெரியும் மாப்ள. தெரிஞ்சா சும்மா இருக்க முடியுதா?" என்றார். அக்காதான் சமையலறையிலிருந்து கேட்டாள்: "அது ஒங்க பாதி. என் பாதிக்கு எந்தக் கப்பல்ல ஆள் வந்தான்?" அவர் அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

பலர் அவர் எதையோ விற்கிறார் என்று நினைத்து போனை வைத்துவிட்டார்கள். வடக்கு ஜெர்சியிலிருந்து ஒரு வயதான அம்மையார் மட்டும் கடைசிவரை கேட்டார். நியூயார்க் ஒல்லாந்தர் கையில் வேறு பெயரோடு இருந்த காலத்தில் வந்திறங்கியவரின் வழியில் பிறந்தவர். தன் வம்சத்தைப் பெயர் பெயராகச் சொல்லத் தெரிந்தவர். இந்தியாவுக்குப் போன யாரையும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மறுவாரம் தானே கார் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். அத்தான் நர்ஸிடம், "ஷி இஸ் அவர் ரிலேஷன்" என்றார். அம்மையார் மறுக்காமல் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.

அந்தச் சோதனையின் முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், அம்மையாருக்குக் காட்டக் கொண்டுபோன தாள் மகளின் கட்டில்மேல் கிடந்தது. ஒரு மத்தியானம் அதன் அடியோரத்தில் தன் இடது கையை வைத்து, பால்பாயின்ட் பேனாவால் விரல்களைச் சுற்றி வரைந்தாள். அவ்வளவு மெலிந்த விரல்களை அதுவரை நான் பார்த்ததில்லை. "லுக் டாடி, நவ் ஐ'ம் ஆன் ஆன்செஸ்டர் டூ" என்று சிரித்தாள். "ஆமாட்டீ, ஒனக்கப்புறம்தான் எல்லாரும்" என்றார் அத்தான். அக்கா தண்ணீர் பிடிக்கப் போவதுபோல வெளியே போனாள்.

பொருந்தவில்லை. யாருக்கும் அது புதிய செய்தி அல்ல, அத்தானைத் தவிர. பனி உருகும் முன்பே அவள் போய்விட்டாள். அடக்க ஆராதனைக்கு வந்து பின்னால் நின்ற அம்மையாரை அத்தான் கையைப் பிடித்து அழைத்துவந்து சொந்தக்காரர்களின் வரிசையில் உட்கார வைத்தார். யார் என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டு ஆளுதான்" என்றார்.

பிறகும் அவர் நிறுத்தவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் நான் போனபோது மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. அதே மரியாதையான ஆங்கிலம், அதே கேள்வி: உங்கள் முன்னோர் யாராவது இந்தியாவுக்குப் போனதுண்டா? மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். "ஷி இஸ் வெயிட்டிங்" என்றார். படியில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். "விடு. டைரக்டரி முடியட்டும்" என்றாள். முடிந்ததும் அவர் தாளைக் குழாயில் போட்டு மூடினார். ஒல்லாந்துக்காரனைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. டெக்சஸுக்கு வீடு மாறியபோது இருவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கிப் போடவும் கை வராமல் அக்கா என்னிடம் தந்தாள்.

ஆண்டுக்கு ஒருமுறை அலமாரியைத் துடைக்கும்போது விரித்துப் பார்த்துவிட்டு, அன்றைய டைரியில் ஒரு வரி எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி விரலோடு வந்துவிடுகிறது. கப்பல் போய்விட்டது. பெயரில் இப்போது முதலெழுத்தைத்தான் படிக்க முடிகிறது. பேனாக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது: ஐந்து விரல்கள், அதன் கீழே மணிக்கட்டில், மருத்துவமனையில் கட்டிய பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றிப் போனதால் சற்றே புடைத்த ஒரு வளைவு.