ராஜாவுக்கு ஒரு கைப்பிடி

மேடையை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, "ஏறலாம், யல்லா" என்று கையை ஆட்டுகிறார் ரெங்கராஜ். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்தவர்கள் அதற்குப் பிறகுதான் ஏறவேண்டும். மேடை இடுப்பளவு உயரம். விழுந்தால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். ஆனால் சாரம் கட்டும் ஃபோர்மேன் அல்லவா, அனுமதி கொடுக்காவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அரபு நாட்டு அல் கூஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் மெஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிறது இந்த நாடகக் கொட்டகை. சைட்டில் கழித்துப்போட்ட பைப்பையும் பலகையையும் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, ஆளுக்கொரு கை பிடித்துக் கட்டினோம். தூசி மறைக்கும் பச்சை வலையை இரட்டையாகத் தைத்துத் திரையாக்கிக் கொடுத்தார் தையற்கடை ஃபவாஸ். அதை இழுக்கிறவன் நான். இடுப்பில் கைவைத்து நின்றவர் ரெங்கராஜ். கேட்டால், "நாங் கட்டுன தியேட்டரு. நான் இல்லேன்னா இங்க நாடகம் மாஃபி, கெடையாது" என்பார். அடேயப்பா!

நின்றதோடு விட்டாரா? சாரத்துக்குப் போடுவதுபோல மேடையின் முன்பக்கமும் இரண்டு வரிசைக் கைப்பிடிப் பைப் போடவைத்தார். தடுப்பு இல்லாமல் எவன் நிற்பான் என்று எங்களையே அதட்டினார். முதல் நாடகத்தில் ராஜாவும் மந்திரியும் பைப்புக்குப் பின்னால் நின்று பேச, ராஜாவை எப்போது ஜாமீனில் விடுவார்கள் என்று யாரோ கேட்டார். கேம்ப்பே சிரித்தது. ராஜா வேறு யார்? கட்டியவனுக்குத்தான் கிரீடம் என்று அவரே பறித்துக்கொண்டிருந்தார். நாடகத்தை எழுதிய பிளம்பர் சுரேஷ்குமாருக்குக் கிடைத்தது காவலாளி வேஷம். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்கவேண்டும். அந்த மனுஷன் முறைக்கக்கூட மாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கைப்பிடியைக் கழற்றாவிட்டால் அடுத்த நாடகத்துக்கு வரமாட்டோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கழற்றினோம். அதிலும் அவர்தான் ராஜா, சுரேஷ்குமார் காவலாளி. நாடகத்தன்றைக்கென்று பார்த்து, புதுக்கோட்டையில் அவர் மனைவி சுந்தராம்பாள் வீடியோ காலில் உட்கார்ந்திருந்தார். லீவில் போகும்போதெல்லாம், "அங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்பாராம். இவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. இன்றைக்கு ராஜாவாகவே காட்டிவிடுவது என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. முன்வரிசையில் ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஆடாமல் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

திரையை இழுத்தேன். ரெங்கராஜ் முன்னால் வந்தார். நாற்பதாவது மாடியில் நடமாடுகிறவரின் வலது கை, இல்லாத பைப்பைத் தேடித் துழாவியது. "யாரங்கே" என்றார். அதற்குமேல் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்போது சுரேஷ்குமார் ஓரடி முன்னே வந்து, "அரசர் மனத்தில் இருப்பதை அடியேன் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து, ராஜாவின் வசனம் முழுவதையும் தானே பேசி முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சுரேஷ்குமாருக்குக் கிடைத்த கைதட்டலுக்கும் ரெங்கராஜே கும்பிட்டார்.

இறங்கியதும் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நீங்க நல்லா நின்னீங்க" என்றார் சுந்தராம்பாள். "பேசுச்சே, அந்தத் தம்பியக் காட்டுங்க. ரெண்டு வார்த்தை சொல்லணும்."

சுரேஷ்குமார் பக்கத்திலேயேதான் குனிந்திருந்தார், ராஜாவின் இடுப்புக் கச்சை முடிச்சை அவிழ்த்தபடி. ரெங்கராஜ் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு பெருவிரலால் கேமராவை மூடிக்கொண்டு, "ஹலோ... ஹலோ... இங்க நெட்டு சரியில்ல" என்றார்.