மாமன் வைத்த பேனர்

போன வாரம் எம்.ரெட்டியபட்டியில் திருச்சுழி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மண்டையைப் பிளக்கிற வெயில். எதிரே ஒரு ஆட்டுக்கொட்டகை. அதன் சரிந்த கூரையில் ஒரு பழைய பிளக்ஸ் பேனரை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் கல் தூக்கி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வெளுத்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் இரண்டு புறாக்கள். புறா வாயில் மாலை. மாலையிலிருந்து ரோஜா இதழாக உதிர்ந்து கீழே மாமன்மார்களின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, என் மச்சினன் தங்கப்பாண்டி செய்த பேனர்.

வெயிலில் காய்கிற பிளக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் சேர்ந்தாற்போல இருக்கும். அது மூக்கில் ஏறியதும் என் வயிறு எரிய ஆரம்பித்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் ஐம்பதுக்கு மேல் வந்தவை. தங்கப்பாண்டி மேல் எனக்கிருக்கும் பொறாமை அதற்கு ரொம்ப காலம் முந்தியது.

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். நூல் மூட்டைகள் கட்டி வெளியே போகிற இடம் என் பொறுப்பு. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு லேபிள் ஒட்டுவார்கள். யானை, அதைச் சுற்றிச் சூரியன், சூரியனைச் சுற்றி எழுத்து, மிச்சம் இருந்த மூலையில் ஒரு தாமரை. மூச்சுமுட்டும். இதை நான் வரைந்திருந்தால் யானையைத் தனியாக விட்டிருப்பேன் என்று வருஷக்கணக்காக நினைத்திருக்கிறேன். மில் மூடப்பட்டபோது எனக்கு நாற்பது வயது. மற்றவர்கள் திருப்பூருக்குப் போனார்கள். நான் கிராபிக் டிசைன் படிக்கப் போகிறேன் என்றேன்.

"சின்னப் புள்ளைகளோட ஒக்காந்து படிக்க வெக்கமா இருந்தா, தம்பியவும் கூட்டிட்டுப் போங்க. அவனும் சும்மாதான திரியிறான்" என்றாள் என் மனைவி. அவள் தம்பிதான் தங்கப்பாண்டி. மைக்செட் தொழில். ஊர் ஊராகப் போய்க் குழாய் கட்டி, சீரியல் லைட் போடுகிறவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். துணைக்கு என்று நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வினையை வண்டியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார வைத்து, டிக்கெட்டும் எடுத்தவன் நான்தான்.

கம்ப்யூட்டர் சென்டர் ஒரு காராச்சேவுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று செருப்பைப் படியிலேயே விட்டுவிட வேண்டும். பன்னிரண்டாவது முடித்த பெண் பிள்ளைகளின் பூ வைத்த செருப்புகளுக்கு நடுவே என்னுடைய மில் பூட்ஸ் ஒரு ஜோடி, எருமை மாதிரிக் கிடக்கும். கீழே எண்ணெய் காய ஆரம்பித்தால் மேலே ஒருவருக்கும் பாடம் ஏறாது. இன்றைக்கும் போட்டோஷாப்பைத் திறந்தால் எனக்குக் காராச்சேவு தின்ன வேண்டும்போல இருக்கும். சொல்லிக்கொடுத்த மேடத்துக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என்னை "சார்" என்பார். நான் அவரை "மேடம்" என்பேன். இருவருக்கும் கூச்சம்.

ஒரு நாள், கீழே இருக்கிற காராச்சேவுக் கடைக்கே போஸ்டர் செய்யச் சொன்னார். நான் வெள்ளைத் தாளில் நடுவே ஒரே ஒரு காராச்சேவு வைத்தேன். அடியில் சின்னதாகக் கடைப் பெயர். மேடம் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "காலி எடம் விடுறதுக்குத் தைரியம் வேணும். சார் விட்டிருக்காங்க பாருங்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கப்பாண்டியின் போஸ்டரில் வானத்திலிருந்து காராச்சேவு மழை பெய்தது. இடி மின்னல் இருந்தது. நடுவில் கடைக்காரர் மாலையோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். கடைக்காரர் மாடியேறி வந்து இரண்டையும் பார்த்தார். என்னுடையதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "யாரும் வாங்க மாட்டேங்கிறாகன்னு சொல்ற மாதிரி இருக்கே" என்றார். மழை பெய்த போஸ்டர் அன்று சாயங்காலமே கடையில் தொங்கியது. அதோடு தங்கப்பாண்டிக்கு ஒரு பொட்டலம் காராச்சேவும் கிடைத்தது. அதில் எனக்கும் பாதி கொடுத்தான். தின்றேன்.

கடைக்காரர் போகட்டும். என் மகள் கௌசல்யாவுக்கு அப்போது ஐந்து வயது. அன்றன்றைக்குச் செய்ததைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். வாசலில் மைக்செட் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், பிள்ளை சிட்டாகப் பறக்கும். மாமா செய்த புலியையும் ராக்கெட்டையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும். என்னுடையதைக் காட்டினால், "இதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே ஒரு தடவை, நான் செய்த ஒன்றைப் பார்த்து இந்தப் பிள்ளை "நல்லாருக்கு" என்று சொல்லிவிட வேண்டும் என்பது அன்று முதல் என் வைராக்கியமாகிவிட்டது. மில் போன பிறகு என் பங்குக்கு வேறு எதையும் நான் ஆசைப்படவில்லை.

கௌசல்யாவுக்குக் காது குத்து வந்தது. எங்கள் பக்கம் காது குத்தென்றால் அது தாய்மாமன் விழா. பிள்ளை மாமன் மடியில்தான் உட்காரும். சீர்த்தட்டு மாமன் வீட்டிலிருந்துதான் வரும். பேனரும் மாமன்தான் வைக்க வேண்டும். பெற்றவன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, வருகிறவர்களைச் சாப்பிடச் சொல்லலாம். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் நானும் ஒரு பேனர் செய்தேன். இளமஞ்சள் வெளி, ஒரு பக்கமாகக் கௌசல்யா மட்டும் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள், கீழே அவள் பெயர். அவ்வளவுதான். பத்து நாள் வேலை. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல டிசைன். பொழுது விடியும்போதே குலசாமி கோயில் வாசலில் கட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

முதல் வேனில் வந்து இறங்கிய பாளையம்பட்டிச் சித்தப்பா பேனரைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என்னப்பா இது, பாதி பிரிண்டுல கரண்டு போயிருச்சா?" என்று கேட்டிருந்தால்கூடச் சிரித்திருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "புள்ள எங்கப்பா?" என்றார். அதற்குள் பின்னால் வந்த என் மாமியார் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவி மனுசா! ஒத்தப் படத்தப் போட்டு அடியில பேரப் போட்டா அது என்னத்துக்குன்னு ஊருல தெரியாதா? அவுத்து எறிங்கய்யா மொதல்ல!"

அப்போதுதான் எனக்கே கண் திறந்தது. எங்கள் ஊரில் ஒற்றை ஆளை வெறும் வெளியில் நிறுத்திப் பெயர் போடுவது கண்ணீர் அஞ்சலிப் பேனருக்கு மட்டும்தான். நல்ல காரியம் என்றால் சுற்றிலும் சனம் நிற்க வேண்டும். பத்து நாள் பார்த்தவனுக்கு இது உறைக்கவே இல்லை. நானே ஏறி அவிழ்த்தேன். கௌசல்யாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டது தங்கப்பாண்டி. "விடுங்கத்தான், ஒங்களுக்கென்ன தெரியும்" என்று ஆறுதல் சொன்னான். ஏணியோடு அவனைத் தள்ளிவிடலாம்போல இருந்தது.

பிறகு அவன் பேனர் ஏறியது. இரண்டு அன்னம் இழுக்கிற தேர். தேரில் மகாராணி மாதிரி கௌசல்யா. குதிரைமேல் தங்கப்பாண்டி, சீர்த்தட்டோடு. மேகத்துக்குள்ளிருந்து செத்துப்போன என் அப்பாவும் அவன் அப்பாவும் ஆசீர்வாதம் செய்தார்கள். ஐம்பது அறுபது முகங்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இருவரை இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவராக வைத்திருந்தான். தேருக்குப் பக்கத்தில் நான். மில் அடையாள அட்டையில் திருடன் மாதிரி முழித்துக்கொண்டிருந்த முகத்தை என்ன செய்தானோ, லேசாகச் சிரிக்க வைத்திருந்தான். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக இருந்த படம் வேறு கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கௌசல்யா ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னாள். "மாமா, நல்லாருக்கு மாமா" என்றாள்.

எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் மட்டும் எடுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு திருச்சுழியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே பிளக்ஸ் கடை போட்டேன். காலி இடம் விடுகிற வியாதியும் தானாகத் தீர்ந்தது. தங்கப்பாண்டி நாலைந்து வருஷம் ஊரெல்லாம் பேனர் செய்தான். பிறகு ஒரு நாள், அலுத்துப்போய்ச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி அதை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்தான். அவனிடமிருந்து நான் இரவல் வாங்கிக்கொண்டு அலைந்த பாணியை அவனே தூக்கிப் போட்டுவிட்டுப் போனது எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.

கௌசல்யா இப்போது சென்னையில் டிசைன் படிக்கிறாள். ஆட்டுக்கொட்டகையைப் பார்த்த அதே வாரம் போன் செய்தாள். சின்ன வயதில் முதலில் மனசுக்குப் பிடித்த டிசைன் எதுவோ அதை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். "என் காது குத்துக்கு மாமா ஒரு பேனர் செஞ்சாகளே, அது இருக்காப்பா?"

மாமாவிடம் இல்லை. அவனுடைய கம்ப்யூட்டர் கோழித் தீவன மூட்டைக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டது. சென்டர் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர். காராச்சேவுக் கடையும் இல்லை. ஆல்பத்தில் பார்த்தால், எல்லாப் போட்டோவிலும் சொந்தக்காரர்கள் பேனரை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு அத்தையின் கொண்டைக்குப் பின்னால் அன்னத்தின் அலகு மட்டும் தெரிகிறது.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அன்னம், தேர், குதிரை, மேகம், யார் பக்கத்தில் யார், எந்த மாமனுக்கு எந்தச் சட்டை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எங்கும் நின்று யோசிக்கவில்லை. முகங்களை மட்டும் ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்தேன். சாயங்காலத்துக்குள் முடித்து, கிடைத்துவிட்டது என்று அனுப்பினேன்.

வகுப்பு முடிந்ததும் கௌசல்யா கூப்பிட்டாள். அதைச் சுற்றி ஒரே கூட்டமாம். "எவ்வளவு நல்லாருக்கு தெரியுமாப்பா! மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிருங்க" என்றாள். சரி என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி என்னையே பார்த்தாள். "நாந்தான் செஞ்சேன்னு சொன்னா என்னவாம்?" என்றாள்.

சொன்ன வாக்குக்காகப் பண்ணைக்குப் போனேன். தங்கப்பாண்டி கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். கௌசல்யா சொன்னதைச் சொன்னேன்.

"எந்த பேனரு அத்தான்? மயிலு போட்டதா?"

"மயில் இல்ல மாப்ள, அன்னம். ரெண்டு அன்னம். எடப்பக்கத்து அன்னத்துக்குக் கழுத்துக் கொஞ்சம் கூட வளைஞ்சிருக்கும். தேருச் சக்கரத்துல பதினாறு ஆரக்கால். ஒரு ஆரக்காலுக்கு நிறம் கொடுக்க மறந்துட்ட."

குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. வேலையாளைக் கூப்பிட்டு, "பாத்தியாலே, நானே மறந்துட்டேன். எங்க அத்தானுக்கு எம்மேல அம்புட்டுப் பிரியம்" என்றான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கோழிச் சத்தத்தில் எப்படியும் கேட்டிருக்காது.