பூவாத்தாள் வால் வெட்டிய நட்சத்திரங்கள்

கடவுள் நட்சத்திரங்களைப் படைத்தபோது பக்கத்தில் பூவாத்தாள் நின்றிருந்தால் ஒன்றுகூடக் கோணலாக வந்திருக்காது. அமெரிக்காக்காரன் கோடி கோடியாகக் கொட்டி வானத்துக்கு அனுப்பியிருக்கிறானே பெரிய தொலைநோக்கி, அது ஒரு மாதம் கருமத்தம்பட்டியில் தங்கி இவளிடம் வேலை பழகியிருந்தால் இன்னும் உருப்பட்டிருக்கும். சூரியனே காலையில் அவிநாசி ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, பூவாத்தாள் கடை திறந்துவிட்டாளா என்று விசாரித்த பிறகுதான் மேலே ஏறுவதாக நம்பகமான தகவல்.

யார் இந்தப் பூவாத்தாள் என்றால், ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவள். வயது நாற்பத்தாறு. காதுகுத்து, சீர், கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஊரில் பாதி முகங்கள் அவள் மெஷினில் ஈரம் காய்ந்து வெளியே வந்தவைதான். கணவர் காளிச்சாமி வீட்டை ஒட்டித் தறி ஓட்டுகிறார். ஒரே மகள் இனியா. கடைக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன் பூவாத்தாளுடைய தங்கை மகன் ஆதர்ஷ். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், மாப்பிள்ளை படத்தில் மீசையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவன். இதை எழுதுகிறவனும் அவன்தான் என்பதால், அவனைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

வானம் பூவாத்தாளுக்கு பேனர் வழியாகத்தான் வந்தது. முதல் பிறந்தநாள் குழந்தைகளை இப்போதெல்லாம் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கவிடச் சொல்கிறார்கள். இணையத்தில் இறக்கிய படத்தை எட்டடிக்கு இழுத்தால் நட்சத்திரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். சலித்துப்போன ஒருநாள், இதையெல்லாம் யார்தான் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். நம்மைப் போல ஆட்களும் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கோயம்புத்தூரில் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பிய ஒருவரிடம் பழைய தொலைநோக்கி ஒன்றைக் கேமராவோடு வாங்கி வந்தாள். யூடியூப்பைப் போட்டு வைத்துக்கொண்டு, பேனர் ஓடும் சத்தத்துக்கு மேலே அதைக் கேட்டுக் கேட்டுப் பழகினாள்.

அந்தத் தொலைநோக்கியோடு ரெட்யூசர் என்று ஒரு சாமானும் வந்தது. குழாயின் பின்பக்கம் மாட்டுகிற கண்ணாடி அது. மாட்டினால் வானம் இன்னும் அகலமாக விழும், படமும் சீக்கிரம் வெளிச்சமாகும். ஆனால் மாப்பிள்ளை முறுக்கு உண்டு அதற்கு. தன் பின்விளிம்பிலிருந்து ஐம்பத்தைந்து மில்லிமீட்டரில் கேமராவின் சென்சார் உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கும். தள்ளி வைத்தாலும் கோபித்துக்கொள்ளும், கிட்டே வைத்தாலும் கோபித்துக்கொள்ளும். கோபத்தைக் காட்டுவது நடுவில் இல்லை, மூலையில். நடு நட்சத்திரமெல்லாம் புள்ளியாக இருக்க, மூலையில் இருப்பதற்கெல்லாம் வால் முளைத்துவிடும்.

பூவாத்தாளுக்கு அதுதான் முளைத்தது. முதலில் எடுத்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் படத்தைப் பெரிதாக அடித்துக் கடைச் சுவரில் மாட்டினாள். போனில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. ஃப்ளெக்ஸில் நாலு மூலையிலும் வால் வைத்த வெள்ளைப் பொட்டுகள் வெளியே பார்த்து ஓடின. பேனர் வாங்க வந்த ஒருவர் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மீன் பண்ணை ஆரம்பிக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இனியாவுக்குக் கல்யாணம் குதிர்ந்துவிட்டது, தை அமாவாசை கழிந்த வளர்பிறையில். இனியா பிறந்தது கார்த்திகை நட்சத்திரம். மேடைக்குப் பின்னால் என்ன வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

“ரோசாப்பூவும் வேண்டாம், மயிலும் வேண்டாம்மா. நீ எடுக்கற கார்த்திகைதான் என்ற பின்னால இருக்கோணும். இல்லைனா வெறுந் துணியக் கட்டிப்போடு.”

“வால் வெச்சதையா கண்ணு?”

“அத நீதான் வெட்டோணும்.”

ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மேடை அடித்துக்கொடுத்த பூவாத்தாளின் மகள், வெறுந் துணிக்கு முன்னால் உட்காருவதா? அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வால் முளைத்த வானத்தை மகள் தலைக்குப் பின்னால் மாட்டவும் அவள் கை வராது. கல்யாணத்துக்கு முன்னால் நிலா இல்லாத வானம் கிடைப்பது அந்த ஒரு அமாவாசைதான்.

தூரத்தை அவள் அளக்காமல் இல்லை. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாள். ரெட்யூசருக்கும் கேமராவுக்கும் நடுவே வரும் குட்டிக் குழாய்களைத் தனித்தனியாக அளந்து கூட்டி, கேமராவுக்கு உள்ளே சென்சார் இருக்கிற ஆழத்தையும் சேர்த்தாள். அம்பத்தஞ்சு, கன கச்சிதம். அதனால் தப்பு தூரத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடி சொத்தை என்றாள். பனி என்றாள். வண்டியைக் குழியில் விட்டீர்கள் என்று காளிச்சாமி மேலும் பழி போட்டுப் பார்த்தாள். அவர் தறிச் சத்தத்தில் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

விஷயம் பிடிபட்டது மேடைக்காரர் செங்கோட்டையன் வந்த அன்றைக்கு. கல்யாண மேடைக்குச் சட்டம் அடிக்கிறவர் அவர். இருபதுக்குப் பத்தடி என்று சீட்டில் எழுதி நீட்டினார். ஃப்ளெக்ஸை விளிம்பில் மடித்துச் சட்டத்துக்குப் பின்னால் ஆணி அடிப்பது வழக்கம். மடிப்பையும் சேர்த்தா அளந்தீர்கள் என்று பூவாத்தாள் கேட்டாள். சேர்த்துத்தான் என்றார் அவர், பெருமையாக.

“ஏனுங்க, எத்தனை கல்யாணத்துக்குச் சொல்றது? உள்ள போய் மறைஞ்சுக்கறது அளவுல வராதுங்க. வெளிய கண்ணுக்குத் தெரியறது மட்டுந்தான் அள...”

பாதி வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. செங்கோட்டையன் தன்மேல் என்ன தப்பு என்று தெரியாமல் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதற்குள் பூவாத்தாள் உள்ளே போய்த் தொலைநோக்கிப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

ஒவ்வொரு குட்டிக் குழாய்க்கும் ஒரு முனையில் மரை இருந்தது. அடுத்த குழாய்க்குள் திருகி முழுசாக மறைந்துவிடுகிற மரை. அவள் நுனி முதல் நுனி வரை, மரையையும் சேர்த்து அளந்திருந்தாள். எல்லாவற்றையும் திருகி ஒன்றாக்கி, வெளியே தெரிகிற விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தபோது ஏழெட்டு மில்லிமீட்டர் குறைந்தது. கேமரா இத்தனை நாளும் ரெட்யூசரோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. வால்கள் எல்லாம் வெளியே பார்த்து ஓடியது அதற்குத்தான்.

வெளியே வந்து, உங்களுக்கு மதியம் என் வீட்டில்தான் சாப்பாடு என்று செங்கோட்டையனிடம் சொன்னாள். திட்டு வாங்கி முடித்த கையோடு விருந்து கிடைத்தது அவருக்கு அதுதான் முதல் தடவையாம்.

தை அமாவாசைக்குக் குடும்பத்தோடு குலதெய்வம் கோவிலுக்குப் போவது காளிச்சாமி வீட்டு வழக்கம். கோவில் தாராபுரம் தாண்டி, சுற்றிலும் வெறும் காடு. வேலி முள்ளும் வெள்ளாடும் தவிர அக்கம்பக்கத்தில் ஒன்றும் கிடையாது. கருமத்தம்பட்டி ரோட்டு விளக்குகளுக்குத் தப்பித்த வானம் மொத்தமும் அங்கேதான் குடியிருக்கிறது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் தொலைநோக்கியும் வண்டி ஏறியது.

பொழுது இறங்கியதும் கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலே வந்து நின்றது. பூவாத்தாள் குறைந்த தூரத்தை நிரப்பக் குழாய்களுக்கு நடுவே தகட்டு வளையங்களைக் கோத்து ஒரு படம் எடுத்தாள். மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வால் இருந்தது. ஆனால் இந்தத் தடவை வெளியே ஓடவில்லை, நடுவைச் சுற்றி ராட்டினம் ஆடியது. ஆதர்ஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். பூவாத்தாள் சிரித்தாள். அப்படியென்றால் இப்போது தள்ளிப் போய்விட்டது. கிட்டே இருந்த தப்பு தீர்ந்து தூரத்துத் தப்பு வந்திருக்கிறது. சரியான இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

இருப்பதிலேயே மெல்லிய வளையம் ஒன்றைக் கழற்றினாள். ராட்டினம் மெதுவானது. இன்னொன்றைக் கழற்றினாள். கோவில் முன்னால் எரிந்த குழல்விளக்கு படத்தில் பால் மாதிரி படர்ந்ததால் வால் போயிற்றா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அதை அணைக்கச் சொல்ல அவளுக்குத் தயக்கம். அமாவாசை பூசை, பங்காளிகள் வேறு ஏகப்பட்ட பேர்.

எழுந்து போனது காளிச்சாமி. தொலைநோக்கியை இத்தனை நாளும் ‘அந்தக் கொழாய்’ என்று மட்டுமே சொல்லிவந்த மனிதர். பூசாரியிடம் என்ன பேசினாரோ, விளக்கு அணைந்தது. அகல் மட்டும் எரிந்தது. திரும்பி வந்து, சாமிக்கு இது போதுமாம் என்று சொல்லிவிட்டு மனைவிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

அடுத்த படம் வந்தது. பூவாத்தாள் மேல் மூலையைப் பெரிதாக்கினாள். அப்புறம் கீழ் மூலை. அப்புறம் அந்தப் பக்கம் இரண்டும். கடுகு கொட்டி வைத்த மாதிரி இருந்தது, அத்தனையும் உருண்டை. அவள் திரையைக் கணவர் பக்கம் திருப்பினாள்.

“வாலக் காணமே?” என்றார் காளிச்சாமி.

“வெட்டிப்போட்டனுங்க.”

பங்காளிகள் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றி வந்து பார்த்தார்கள். இனியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பந்தி முடியும்வரை கேமரா எடுத்துக்கொண்டே இருந்தது.

வரவேற்பு அன்று மண்டபத்தில் இருபதடி வானம் தொங்கியது. கார்த்திகை நட்சத்திரங்களும் அவற்றைச் சுற்றிய நீலப் புகையும் நடுவில், அதன் முன்னால் இனியாவும் மாப்பிள்ளையும். முகம் இல்லை, கட்சிக்கொடி இல்லை, வரவேற்கிறவர்கள் பட்டியல் இல்லை. பேனரின் கீழ் ஓரத்தில் சின்னதாக வழக்கமாகப் போடுகிற கடைப் பெயரும் வேண்டாம், வானம் மட்டும் இருந்தால் போதும் என்று பூவாத்தாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். செங்கோட்டையன் வந்தவர்களையெல்லாம் மூலைக்குக் கூட்டிப்போய், வால் இருக்குதா பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார், தானே வெட்டிய மாதிரி. மீன் பண்ணை கேட்ட மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் பூவாத்தாள் பட்டுச் சேலையோடு மேடை ஏறினாள். ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் வலது கீழ் ஓரத்தில் நின்றாள், குனிந்தாள், அங்கேயே இருந்தாள். பிறகு திரும்பாமலே கூப்பிட்டாள்.

“ஆதர்ஷு. இங்க வா சாமி.”

“என்னங்க பெரியம்மா?”

“இது ஆரு?”

“நட்சத்திரமுங்க.”

“இத்தனை உருண்டையா வானத்துல ஒண்ணும் கெடையாது. நான் எடுத்த படத்துல இந்த எடத்துல வெறும் இருட்டு. கடைப் பேரு போடற எடம் இது.” அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். “பேர எடுக்கச் சொன்னா, அதுக்குப் பதுலா என்னையவே ஒரு நட்சத்திரமாக்கிக் கொண்டாந்து ஒட்டிப்போட்டயா கண்ணு?”