சுயம்புவின் ஜீப்பில் பன்னிரண்டு புஷ்கள்

தை பிறந்து ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கினால் சுயம்புவுக்கு வேலை குறைந்துவிடும். பால்வெட்டு நிற்கும். எஸ்டேட்டிலிருந்து ரப்பர்பால் கேன்களை ஏற்றிக்கொண்டு குலசேகரத்துக்கு ஓடும் அவருடைய பழைய ஜீப்பும் முற்றத்தில் நிற்கும். அதன் மேல் நாள் முழுக்கச் சிவந்த இலைகள் விழுந்துகொண்டிருக்கும், காற்றே இல்லாமல்.

பதினெட்டு வயதில் பால்வெட்டப் போனவர் அவர். ஜீப்பை எஸ்டேட் ஏலத்தில் எடுத்த பிறகு, கழற்றிக் கழற்றியே அதைப் படித்தார். கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே வாழையிலையில் அடுக்கி வைப்பார். ஒரு வாஷர் இடம் மாறினாலும் சோறு இறங்காது.

இந்தத் தையில் மகள் இந்துஜாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அவள் வாழ்க்கைப்பட்ட வீடு பேச்சிப்பாறைக்கு மேலே, ஜீப் மட்டுமே ஏறும் கல்பாதையின் முடிவில். அவளுடைய மாமியார் தாணம்மாள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, ஒண்ணும் நெனைக்காதுங்க. ஒங்க ஜீப்புல நான் ஒருவாட்டி கீழ எறங்கினேன். ஒரு கெழமை இடுப்பு நிமிரல்ல. மருமவள அதுல ஏத்த மாட்டேன். எஸ்டேட் ஜீப்புல தக்கலையில எந் தங்கச்சி வீட்டுல கொண்டு விடுதேன். பேறு அங்க பாத்துக்கிடலாம்."

அன்று மனைவி சத்தியபாய் சாப்பிடவில்லை. "ஒத்தப் பிள்ளை. தலைப்பேறுக்கு அடுத்தவ வீட்டுல கெடக்கணுமா? அந்தச் சவத்த நேராக்குங்க, இல்லேண்ணா வித்துப் போடுங்க."

கோளாறு எதுவென்று சுயம்புவுக்குத் தெரியும். அச்சின் மேல் இருக்கும் இரும்புப் பட்டைகள் வண்டியோடு சேரும் இடங்களில் வளையம் போன்ற கண்கள் உண்டு. அந்த இடங்களில் இரும்பு இரும்போடு முட்டாமல் இருக்க ரப்பர் புஷ்கள், மொத்தம் பன்னிரண்டு. கார்த்திகையில்தான் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது மறுபடி ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டியை அயனிமரக் கட்டைகளில் நிறுத்தினார். பட்டையின் கண்ணில் கீறல் விழாமல் ரம்பத் தகட்டால் அறுத்து முதல் புஷ்ஷை எடுத்து வெயிலில் பிடித்தார். ரப்பர் தேயவில்லை. பிழிந்த துணி போல முறுக்கிக் கிழிந்திருந்தது. பன்னிரண்டிலும் அதே முறுக்கு.

பால் கேனைச் சைக்கிளின் பின்னால் பழைய ட்யூபால் முறுக்கிக் கட்டிப் பல வருடம் மிதித்தவர் அவர். முறுக்கிலேயே கிடக்கும் ட்யூப் எத்தனை நாளில் அறும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். வண்டி உயரத்தில் இருக்கும்போது சக்கரங்கள் தொங்கும். அப்போது நட்டை இறுக்கினால் புஷ் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் ஏற்றினால், ஓடாத நேரத்திலும் அது முறுக்கிலேயே கிடக்கும். கார்த்திகையில், எதையும் அரைகுறையாய் விடக்கூடாது என்று, கடைசி நட்டுவரை மேலேயே வைத்து இறுக்கியிருந்தார்.

"கடைக்காரன ஒரு மாசமா ஏசிட்டேன், பாவம்" என்றார்.

"எனக்கிட்ட சொல்லி என்ன? அவருட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள் சத்தியபாய்.

புதிய புஷ்களைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, நீள போல்ட்டும் குழாய்த் துண்டும் வைத்து, நட்டைத் திருகித் திருகி உள்ளே இழுத்தார். ரப்பருக்கு ஆகாது என்று எண்ணெயைப் பக்கத்தில் விடவில்லை. பன்னிரண்டும் ஏற இரண்டு நாள். பிறகு நட்டுகளை விரலால் மட்டும் போட்டுவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினார். மகளோடு வரப்போகும் சாமான்களின் எடைக்குப் பின்னால் நான்கு கேன்களில் தண்ணீர். டிரைவர் சீட்டில் தனக்குப் பதிலாக ஓர் உரமூட்டை. பக்கத்து வீட்டுக் கூட்டாளி தங்கையனைக் கூப்பிட்டார்.

"நீ பின்னால இரி, மக்கா. சத்தியா, நீ முன்ன இரி. பிள்ளை இருக்கப்போற எடம்."

"வண்டி எங்கலே போவுது?" என்றான் தங்கையன்.

"எங்கயும் போவாது. அனங்காம, அசையாம இரி."

"டிரைவர் நல்ல ஆளு" என்று தங்கையன் உரமூட்டையைத் தட்டினான். "ஒன்னப் போல ஏசமாட்டாரு."

சுயம்பு அடியில் போய்ப் படுத்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். மேலே பேச்சு அடங்கியது. பானட்டில் இலை விழும் ஓசை இரும்பு வழியாக இறங்கி வந்தது. சக்கரங்களுக்கு அப்பால் தரையில் இலைகள் வந்து அமர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், வண்டிதான் மெல்ல நகர்கிறது என்று தோன்றியது அவருக்கு.

"எங்க வந்திருக்கோம்?" சத்தியபாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"பேச்சிப்பாறை அணை தாண்டியாச்சு, மைனி" என்றான் தங்கையன், கேலி இல்லாத குரலில். "வலது பக்கம் தண்ணி தெரியுது பாருங்க."

அவள் வலது பக்கம் திரும்புவதைச் சுயம்பு பட்டையின் அசைவில் உணர்ந்தார். அந்த ஒரு நட்டை அவள் மறுபடி நேரே அமரும்வரை இறுக்காமல் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜீப் மேலே போனது. தாணம்மாள் மருமகளைத் தனியே விடவில்லை. "நானும் வருவேன். ஒரு குலுக்கு குலுங்கட்டு, அந்த எடத்துலயே பிள்ளைய எறக்கிருவேன்" என்று பின்சீட்டில் ஏறிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். முன்சீட்டில் இந்துஜா.

கல்பாதை தொடங்கியது. சக்கரங்கள் கல்லில் ஏறி இறங்கின. கல்லின் அடி மேலே சீட்டுவரை வரவில்லை. வண்டி ஓடத்தைப் போல மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் போயும் பின்னாலிருந்து ஒரு சொல் இல்லை. கோபம்தான் என்று நினைத்தார் சுயம்பு. திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

இந்துஜா அவர் கையைத் தொட்டாள்.

"அப்பா, பைய போங்க."

"என்ன மக்ளே, வலிக்குதா?"

"இல்லப்பா. மாமி ஒறங்கியாச்சு."